அரை பிட்டின் கதை

கடையில் போய் ஒன்றரை முட்டை கேட்க முடியாது. பிட்டும் அப்படித்தான். பூஜ்யம் அல்லது ஒன்று, நடுவில் பேச்சே கிடையாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் நான் பார்த்த தொழிலில் நாள்தோறும் புழங்கிய சொல் ‘ஒன்றரை பிட்’. “இது ஒன்றரை பிட் ஸ்டேஜ்” என்று போர்டில் எழுதினால், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் யாராவது ஒருவர் கூட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கி வருவார். “சார், அந்த அரை எங்கேருந்து வந்துது?”

மார்க்கரை எடுத்து மூன்று வரிக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள். கணக்கு சரிதான். ஆனால் ‘எங்கேருந்து’ என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அதை நிதானமாகச் சொல்ல நேரம் வாய்த்திருக்கிறது.

என் மட்டில் அந்தக் கதை கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அப்பா வைத்திருந்த அரிசிக் கடையில் தொடங்குகிறது. மெட்ரிக் அளவு சட்டமாகிவிட்ட காலம். கிலோ தராசு கடை முகப்பில் தொங்கும். ஆனாலும் அறுவடை முடிந்து நெல்லைக் கொடுத்து அரிசி வாங்க வருகிறவர்களின் கணக்கு படியில்தான் ஓடியது. படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நோட்டும் பென்சிலுமாக நான் உட்கார, அப்பா அளந்துகொண்டே சொல்வார்.

மூட்டையின் அடியில் மிஞ்சிய அரிசியை அளப்பதுதான் வேடிக்கை. முறைப்படி செய்தால், படியில் கொட்டிப் பார்த்து, நிறையவில்லை என்றால் திரும்பக் கொட்டி உரியை எடுக்க வேண்டும். உரி நிறைந்தால் மிச்சத்தை உழக்கில், அதன் மிச்சத்தை ஆழாக்கில். அப்பா அப்படிச் செய்யமாட்டார். படி கிட்டத்தட்ட நிறைந்தாலே போதும். “படின்னே எழுதிக்கோ தம்பி. கொறையறதக் கழிச்சுக்கலாம்” என்பார். பிறகு வேறு மூட்டையிலிருந்து ஆழாக்கால் எடுத்து ஊற்றி, படி தலை தட்ட எத்தனை ஆழாக்கு பிடிக்கிறது என்று பார்ப்பார். நோட்டில் ‘1 படி, கழிவு 1 ஆழாக்கு’ என்று எழுதுவேன். நிறைந்ததா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் வேலை மிச்சம். அவசரத்தில் முடிவு சற்றுத் தவறினாலும் அடுத்த சின்ன அளவு அதைச் சரி செய்துவிடும்.

அனலாக்-டிஜிட்டல் கன்வெர்ட்டர், எங்கள் பேச்சில் ஏ.டி.சி., செய்வதும் இதே அளப்புதான். மைக்கில் விழும் குரலும் கேமராவில் விழும் வெளிச்சமும் முதலில் மின்னழுத்தமாகின்றன. அந்த அழுத்தத்தில் அரை உண்டா, மிச்சத்தில் கால் உண்டா, அதிலும் மிச்சத்தில் அரைக்கால் உண்டா, வீசம் உண்டா என்று கேட்டுக்கொண்டே போனால் கிடைக்கும் ‘உண்டு, இல்லை’ வரிசைதான் கம்ப்யூட்டருக்குப் புரியும் எண். அரை, கால், அரைக்கால், வீசம் என்று வாய்ப்பாடு படித்த தலைமுறைக்கு பைனரியைத் தனியாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

*

இந்தத் தொழிலின் முதல் கருவிகளில் ஒன்று படத்தைக் கம்பி வழியே அனுப்பப் பிறந்தது. 1921-ல் அமெரிக்காவில் பால் ரெய்னி விண்ணப்பித்த காப்புரிமையில், படத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப ஓர் ஒளிக்கற்றை நகர்ந்து 32 ஒளிமின்கலங்களில் ஒன்றின் மேல் விழும். எது என்பதே எண். இன்றைய மொழியில் 5 பிட். பாரிஸில் வேலை பார்த்த ஆங்கிலேயர் அலெக் ரீவ்ஸ், குரலையே எண்களாக்கி அனுப்பும் முறைக்கு 1938-ல் பிரான்சில் காப்புரிமைக்கு எழுதிப் போட்டார். போருக்குப் பின் பெல் லேப்ஸ் அந்த வழியில் வேகமாக நடந்தது.

1954-ல் பெர்னார்ட் கார்டன் தன் எப்ஸ்கோ நிறுவனத்தில் ‘டேட்ராக்’ என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 11 பிட், நொடிக்கு 50,000 அளப்புகள். வெற்றிடக் குழாய்களால் ஆனது. எடை 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. தின்ற மின்சாரம் 500 வாட். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இயக்கிவிட்டால் அறையே சூடாகும்.

அதற்குள் இருந்தது ஒரே ஓர் ஆள் அளக்கும் முறை. அரையைப் பார், பிறகு காலைப் பார் என்று ஒரே கம்பேரேட்டர், அதாவது எது பெரிது என்று ஒப்பிட்டுச் சொல்லும் சுற்று, திரும்பத் திரும்ப உழைக்க வேண்டும். 11 பிட்டுக்கு 11 முறை. வேகம் கூடினால் மூச்சு வாங்கும். இதற்கு நேர் எதிரான முறை ‘ஃப்ளாஷ்’. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கம்பேரேட்டரை நிறுத்திவிட்டு எல்லோரையும் ஒரே சமயத்தில் கேட்பது. பதில் உடனே வரும். ஆனால் 8 பிட்டுக்கு 255 கம்பேரேட்டர் வேண்டும், 10 பிட்டுக்கு 1,023. ஒரு பிட் கூட்டினால் கூட்டம் இரட்டிக்கும். 1979-ல் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனம் 8 பிட் ஃப்ளாஷை ஒரே சிலிக்கான் துண்டில் கொண்டுவந்தபோது தொலைக்காட்சித் தொழில்நுட்பர்கள் கொண்டாடினார்கள். 1982-ல் வந்த சி.சி.ஐ.ஆர். 601 விதி, படத்தின் வெளிச்ச அளவை நொடிக்கு 1.35 கோடி முறை அளக்கச் சொன்னது. அந்த வேகத்துக்கு 8 பிட் ஃப்ளாஷ் தாங்கியது. 10 பிட் வேண்டும் என்றவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

நடுவில் ஒரு வழி இருந்தது. கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றுவது போல அளப்பையும் கை மாற்றுவது. முதல் ஆள் ‘அரை உண்டா’ என்று மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை அடுத்தவரிடம் தள்ளுவார். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் ஆள் அடுத்த அளப்பை வாங்கிக்கொள்வார். ஒரு சட்டி கடைசிவரை போய்ச் சேர நேரம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு கிளாக்குக்கும் ஒரு சட்டி வந்து விழுந்துகொண்டே இருக்கும். இதுதான் பைப்லைன். ஒரு ஸ்டேஜுக்கு, அதாவது வரிசையில் ஓர் ஆளுக்கு, ஒரு பிட் என்ற அமைப்பை பி. டி. ஸ்மித் 1956-லேயே கட்டுரையாக எழுதிவிட்டார். இதில் ஒரு நுட்பம் உண்டு. மிச்சத்தை அப்படியே தராமல் இரண்டால் பெருக்கித் தர வேண்டும். அப்போதுதான் எல்லோரும் ஒரே அளவுப் படியை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். கடைசி ஆளுக்கு ஊசிமுனை அளவு பாத்திரம் தேவைப்படாது.

பிறகு ஏன் முப்பது வருஷம் இது தலையெடுக்கவில்லை? வரிசையின் தலையில் நிற்பவர் தப்பு செய்தால் பின்னால் இருப்பவர்கள் எத்தனை கெட்டிக்காரர்களானாலும் பயனில்லை என்பதால்தான்.

*

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். அளக்க வேண்டிய அழுத்தம் −1 வோல்ட்டுக்கும் +1 வோல்ட்டுக்கும் இடையில் என்று வையுங்கள். முதல் ஆளின் கேள்வி ஒன்றுதான்: பூஜ்யத்துக்கு மேலா, கீழா? மேல் என்றால் இரண்டால் பெருக்கி 1 கழித்து அனுப்புவார். கீழ் என்றால் இரண்டால் பெருக்கி 1 கூட்டி அனுப்புவார். வந்தது 0.015 வோல்ட், அவர் கண்ணோட்டம் 20 மில்லிவோல்ட் பிசகி ‘கீழ்’ என்று சொல்லிவிட்டார் என்றால், போகும் மிச்சம் 1.03. அடுத்தவருடைய படியோ 1 வோல்ட்டோடு தீர்ந்தது. மேலே வழிந்தது தரையில்தான். அதை யாராலும் மீட்க முடியாது.

சிலிக்கானில் செய்த கம்பேரேட்டருக்கு 20 மில்லிவோல்ட் பிசகு சர்வ சாதாரணம். 10 பிட் துல்லியத்துக்கு அதை ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அதற்காகப் பெரிய டிரான்சிஸ்டர், முன்னால் ஒரு பெருக்கி, ஒவ்வொரு சுற்றிலும் பிசகைத் துடைக்கும் கூடுதல் வேலை என்று ஏற்றினால், எதற்காகப் பைப்லைன் கட்டினோமோ அந்த வேகம் போய்விடும்.

வழி சொன்னவர்கள் 1960-களிலேயே இருந்தார்கள். 1964-ல் டி. சி. வெர்ஸ்டர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: அடுத்த ஆளின் பாத்திரத்தை வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாகக் கொடுத்துவிடு. முன்னவர் தப்பினால் வழிவதும் அதற்குள்ளேயே விழும். அது எவ்வளவு என்று அவர் அளந்து சொன்னதும் முன்னவரின் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். டிஜிட்டல் எர்ரர் கரெக்‌ஷன் என்று பின்னால் பெயர் வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் கூட்டல் கழித்தலுக்கான லாஜிக்கும் விலை உயர்ந்தது, பெருக்கியும் விலை உயர்ந்தது. ராடார் போன்ற காசு பார்க்காத இடங்களுக்கான ரேக் பெட்டிகளில்தான் இப்படிப்பட்ட யோசனைகளுக்கு இடம் கிடைத்தது.

சிமாஸ் சிலிக்கானுக்குள் அது நுழைய இன்னொரு சாமான் தேவைப்பட்டது. அளக்கும் பாத்திரம். 1975-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெக்ரியரியும் பேராசிரியர் பால் கிரேயும், மாஸ் சிலிக்கானில் செய்த கபாசிட்டர்களையே எடைக்கற்களாக வைத்து ஏ.டி.சி. கட்டிக் காட்டினார்கள். ரெசிஸ்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்கத்துப் பக்கத்தில் வரைந்த இரண்டு கபாசிட்டர்கள் அளவில் அச்சு அசலாக ஒத்துப்போகும் என்பதுதான் அதன் பலம். ஒரே பட்டறையில், ஒரே தகட்டில் வெட்டிய இரண்டு பித்தளைப் படிகள் மாதிரி. ஒன்றில் நிரம்பிய மின்னூட்டத்தை மற்றதில் கவிழ்த்தால் அழுத்தம் இரட்டிக்கும். பைப்லைனுக்கு வேண்டிய ‘இரண்டால் பெருக்கு’ கைக்கு வந்துவிட்டது.

1987 டிசம்பரில், கிரேயின் மாணவர் ஸ்டீபன் லூயிஸ் அவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை ஐ.இ.இ.இ.-யின் சாலிட்-ஸ்டேட் சர்க்யூட்ஸ் இதழில் வந்தது. 9 பிட், நொடிக்கு 50 லட்சம் அளப்புகள், 3 மைக்ரான் சிமாஸ். மின்சாரம் 180 மில்லிவாட். சிலிக்கானில் பிடித்த இடம் 8,500 சதுர மில், நம் கணக்கில் சுமார் ஐந்தரைச் சதுர மில்லிமீட்டர். டேட்ராக்கைவிட இரண்டு பிட் குறைவுதான். ஆனால் வேகம் நூறு மடங்கு, மின்சாரம் ஈராயிரத்து எழுநூறில் ஒரு பங்கு. நான்கு ஸ்டேஜ்கள், ஒவ்வொன்றும் 3 பிட் சொல்லும். மொத்தம் 12 பிட் வர வேண்டுமே, ஏன் 9 என்றால், மூன்று பிட் திருத்தத்துக்காக ஒதுக்கியது. மிச்சத்தை 8-ஆல் பெருக்குவதற்குப் பதில் 4-ஆல் பெருக்கினார்கள். அடுத்தவர் பாத்திரத்தில் பாதி காலியாகவே இருக்கும். தப்பு வழிந்தால் விழ இடம்.

அந்தக் கட்டுரையின் ஜெராக்ஸ் என்னிடம் வந்து சேர்ந்தது 1990-ல். நாலாவது கை ஜெராக்ஸ். கடைசிப் பக்கத்தில் இருந்த சிப்பின் போட்டோ வெறும் கறுப்புச் சதுரமாக இருந்தது.

*

அரை பிட் பிறந்தது அதன் பிறகு. லூயிஸ் பென்சில்வேனியாவின் ரெடிங்கில் இருந்த பெல் லேப்ஸுக்குப் போனார். 1992 மார்ச்சில் அங்கிருந்து ஐந்து பேர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது: லூயிஸ், ஃபெட்டர்மன், கிராஸ், ராமச்சந்திரன், விசுவநாதன். 10 பிட், நொடிக்கு 2 கோடி அளப்புகள், 0.9 மைக்ரான் சிமாஸ், 240 மில்லிவாட். நான்கு கனமான ஸ்டேஜுக்குப் பதில் பல மெல்லிய ஸ்டேஜ்கள். ஒவ்வொன்றும் செய்வது மிகக் குறைவு. ‘மேலா, கீழா’ என்ற இரண்டு பதிலோடு ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது பதிலும் அதற்கு உண்டு.

கோடுகளை −0.25 வோல்ட்டிலும் +0.25 வோல்ட்டிலும் போடுங்கள். மேல்கோட்டுக்கு மேல் என்றால் இரட்டித்து 1 கழி. கீழ்க்கோட்டுக்குக் கீழ் என்றால் இரட்டித்து 1 கூட்டு. நடுவில் என்றால் இரட்டித்து அப்படியே தள்ளு. இப்போது 0.49 வோல்ட் வருகிறது. ஒழுங்கான கம்பேரேட்டர் ‘மேல்’ என்று சொல்லும், மிச்சம் 0.98 − 1 = −0.02. கோடு கிட்டத்தட்ட கால் வோல்ட் பிசகிய மோசமான கம்பேரேட்டர் ‘நடு’ என்று சொல்லும், மிச்சம் 0.98. இரண்டும் 1 வோல்ட்டுக்குள்தான். பின்னால் இருப்பவர்கள் முன்னதை ‘அரை, கழிவு நூற்றில் ஒன்று’ என்று வாசிப்பார்கள். பின்னதை ‘அரை இல்லை, ஆனால் மிச்சத்தில் 0.49 இருக்கிறது’ என்று வாசிப்பார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டும் அதே 0.49. ‘1 படி, கழிவு 1 ஆழாக்கு’ என்றாலும் ஏழு ஆழாக்கு என்றாலும் அரிசி ஒன்றுதான்.

20 மில்லிவோல்ட் பிசகுக்கு உயிரை விட்ட தொழிலில் 250 மில்லிவோல்ட் பிசகு பொறுக்கப்பட்டது. இரண்டு பதில் சொன்னால் ஒரு பிட், நான்கு பதில் சொன்னால் இரண்டு பிட். மூன்று பதிலுக்கு நடுவாக ‘ஒன்றரை’ என்று பெயர் வைத்தார்கள். கணக்கு வாத்தியார் கேட்டால் 1.58 என்று திருத்துவார். ஒரு பிட் அளப்புக்கு, அரை பிட் தப்புக்கு.

அதே வருஷம் ஜூலையில், அதே இதழில், பெல்ஜியத்திலிருந்து ஜினெட்டி, ஜெஸ்பர்ஸ், வான்டெமியூலெப்ரூக்கே மூவரும் −1, 0, +1 என்ற மூன்று இலக்க யோசனையையே 13 பிட் ஏ.டி.சி.யில் செய்து காட்டினார்கள். அந்த யோசனையின் மூலம் எங்கே என்பதும் அதில் தெரிந்தது. கம்ப்யூட்டரில் வகுத்தல் கணக்கை வேகமாகப் போட 1958 வாக்கில் ஸ்வீனி, ராபர்ட்சன், டோச்சர் ஆகிய மூவர் தனித்தனியாகக் கண்டுபிடித்த உத்தி அது. ஈவில் கழிவு இலக்கத்தை அனுமதித்துவிட்டால் ஒவ்வொரு படியிலும் துல்லியமாக ஒப்பிட வேண்டாம். வகுப்பவர்களுக்கு முப்பது வருஷத்துக்கு முன்பே தெரிந்ததை அளப்பவர்கள் அப்போதுதான் கண்டெடுத்தார்கள். எங்கள் அப்பா இரண்டு கூட்டத்தையும் பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

*

1994-ல் என் குழு ஒரு 10 பிட் பைப்லைனை வடிவமைத்தது. பெங்களூரில் வேலை. எட்டு ஒன்றரை பிட் ஸ்டேஜ், கடைசியில் 2 பிட் ஃப்ளாஷ். டிசைன் ரிவ்யூவில் நான் கொஞ்சம் அலட்டினேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். “கம்பேரேட்டர் கால் வோல்ட் தப்பினாலும் கவலை இல்லை” என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பேன். சேலத்துக்காரரான எங்கள் குழுத் தலைவர் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

சிப் வந்தது. ஏ.டி.சி.யைப் பரிசோதிக்க, பெர்க்லியின் டோர்ன்பர்க், லீ, ஹாட்ஜஸ் மூவர் 1984-ல் எழுதிவைத்த முறை உண்டு. சுத்தமான சைன் அலையை உள்ளே விட்டு, எந்த எண் எத்தனை முறை வருகிறது என்று லட்சக்கணக்கில் எண்ணி வரைவது. நல்ல சிப் என்றால் இரண்டு ஓரமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த குளியல் தொட்டி வடிவம் கிடைக்கும். எங்கள் தொட்டியில் இரண்டு ஓட்டை இருந்தது. 384-ஐ ஒட்டி இரண்டு எண், 640-ஐ ஒட்டி இரண்டு எண். அந்த நான்கும் ஒரு முறைகூட வரவில்லை. லட்சம் அளந்தாலும் இல்லை, பத்து லட்சம் அளந்தாலும் இல்லை.

ராத்திரி பதினோரு மணிக்குக் குழுத் தலைவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“எங்க ஓட்டை?”

“384, 640 சார்.”

“512-லிருந்து ரெண்டு பக்கமும் 128. முதல் ஸ்டேஜோட கோடு ரெண்டும் எங்கய்யா இருக்கு?”

“கால் வோல்ட்ல சார். அதே இடம்தான். ஆனா கம்பேரேட்டர் தப்பினா கரெக்‌ஷன் பார்த்துக்குமே…”

“கம்பேரேட்டர யாரு சொன்னா? பெருக்கறவன் ஒழுங்காப் பெருக்கறானான்னு பார்த்தியா?”

ஒன்றரை பிட் மன்னிப்பது ஒரு வகைத் தப்பை மட்டும்தான்: தவறான முடிவை. மிச்சத்தைக் கை மாற்றும்போது சிந்தினால் அது மன்னிக்காது. ஒரு கபாசிட்டரின் மின்னூட்டத்தை இன்னொன்றில் முழுதாகக் கவிழ்க்கும் வேலை ஆப்-ஆம்ப் என்ற பெருக்கியுடையது. அதன் பெருக்கம் ஆயிரத்துக்கு மேல் இருந்தால்தான் 10 பிட்டுக்குக் கவிழ்ந்தது முழுதாகக் கவிழும். வேகத்துக்கு ஆசைப்பட்டு நான் டிரான்சிஸ்டர்களின் நீளத்தைக் குறைத்திருந்தேன். சிமுலேஷனில் பெருக்கம் 1,500 வந்தது. அந்தக் காலத்து மாடல்கள் குட்டை டிரான்சிஸ்டரின் அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் விஷயத்தில் நம்பத் தகுந்தவை அல்ல. சிலிக்கானில் அளந்து பார்த்தோம். சுமார் 250. படியைக் கவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் அடியில் நாலு அரிசி ஒட்டிக்கொண்டுவிட்டது. முதல் ஸ்டேஜ் தன் பதிலை மாற்றும் இரண்டு இடங்களிலும் அந்த நாலு அரிசிதான் இரண்டு எண்களை விழுங்கியது.

திருத்தம் தெரிந்ததுதான். பிலிப்ஸின் கிளாஸ் பல்ட்டும் கோவர்ட் கீலனும் 1990-ல் எழுதிய ‘கெயின் பூஸ்டிங்’, அதாவது ஆப்-ஆம்ப்புக்குள்ளேயே குட்டி ஆப்-ஆம்ப்புகளை வைத்துப் பெருக்கத்தை ஏற்றுவது. வைத்தோம். நீளத்தைக் கூட்டினோம். ஒரு மாஸ்க் செட்டும் நான்கு மாதமும் போயின. இரண்டாவது சிப்பில் தொட்டி முழுதாக இருந்தது. ரிவ்யூவில் நான் ‘கவலை இல்லை’ என்ற வார்த்தையைச் சொல்வதை அத்தோடு விட்டேன்.

*

அந்த நான்கு மாதத்தில்தான் 1993 டிசம்பர் இதழை வரிக்கு வரி படித்தேன். எம்.ஐ.டி.யின் ஆண்ட்ரூ கரானிகோலாஸ், ஹே-சியுங் லீ இருவரும் காந்திலால் பக்ரானியாவும் சேர்ந்து செய்த 15 பிட் பைப்லைன் அதில் இருந்தது. அவர்கள் ஸ்டேஜின் பெருக்கத்தை வேண்டுமென்றே 2-க்குக் கீழே, 1.93 என்று வைத்தார்கள். பிறகு முதல் ஸ்டேஜின் பதிலைக் கட்டாயமாக மாற்றி, மிச்சம் எவ்வளவு குதிக்கிறது என்பதைப் பின்னால் இருக்கும் ஸ்டேஜ்களாலேயே அளந்தார்கள். அளந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிலையும் அதன்படி திருத்தினார்கள். முதல் ஆளின் படி சரியான படியா என்று பார்க்க வெளியிலிருந்து முத்திரை ஆய்வாளர் வர வேண்டியதில்லை. பின்வரிசைக்காரர்களே தங்கள் ஆழாக்கால் அதை அளந்துவிடலாம். நசுங்கிய பாத்திரமானாலும் எவ்வளவு நசுங்கியது என்று தெரிந்துவிட்டால் கணக்கு கெடாது.

படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முடிவுத் தப்பு பொறுக்கப்பட்டு வருஷம் பல ஆகியிருந்தது. இப்போது பாத்திரத் தப்பும் பொறுக்கப்படும் என்றால், நான் குட்டை டிரான்சிஸ்டரோடு அனுப்பிய முதல் சிப்பையே கரையேற்றியிருக்கலாம்.

அதன் பிறகு பத்து வருஷம் பைப்லைனின் பொற்காலம். 1995-ல் அனலாக் டிவைசஸ் ஏ.டி.9042-ஐ வெளியிட்டது. 12 பிட், நொடிக்கு 4 கோடியே 10 லட்சம் அளப்புகள். செல்போன் கோபுரத்தின் அடியில் உள்ள ரேடியோ பெட்டிகள் பல அலைவரிசைகளை ஒரே வீச்சில் அளக்க அது வழி திறந்தது. அதே வருஷம் பெர்க்லியின் தாமஸ் சோவும் கிரேயும், 10 பிட் 2 கோடி அளப்பு என்ற பழைய வேலையை 35 மில்லிவாட்டில் முடித்தார்கள். அவர்கள் கையாண்ட உத்திகளில் எனக்குப் பிடித்தது, பின்வரிசை ஸ்டேஜ்களின் கபாசிட்டர்களைப் படிப்படியாகச் சின்னதாக்கியது. பின்னால் போகப் போகத் தப்பின் மதிப்பு பாதி பாதியாகக் குறையும்போது எல்லோருக்கும் ஒரே கனத்தில் பித்தளை எதற்கு? 1999-ல் ஆண்ட்ரூ ஆபோவும் கிரேயும் ஒன்றரை வோல்ட்டில் ஓடும் 10 பிட்டைக் காட்டினார்கள். கைக்கேமராவிலும் ஸ்கேனரிலும் அல்ட்ராசவுண்ட் கருவியிலும் பைப்லைன் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

2003-ல் போரிஸ் முர்மனும் பெர்ன்ஹார்ட் போசரும் இன்னும் ஒரு படி இறங்கினார்கள். துல்லியமான ஆப்-ஆம்ப்பையே எடுத்துவிட்டு, வளைந்து நெளிந்து பெருக்கும் எளிய, ஃபீட்பேக் இல்லாத பெருக்கியை முதல் ஸ்டேஜில் வைத்தார்கள். நெளிவை டிஜிட்டல் பக்கம் கற்றுக்கொண்டு நிமிர்த்தும். 12 பிட், நொடிக்கு 7.5 கோடி. 1994-ல் என் ஆப்-ஆம்ப் 250 மடங்கு பெருக்கியதற்காக நான் தலைகுனிந்தேன். ஒன்பது வருஷத்தில் அதைவிட எளிய பெருக்கியை வேண்டுமென்றே வைத்துப் பேர் வாங்கினார்கள்.

இன்று சிலிக்கான் மிகவும் சுருங்கி, ஒரு வோல்ட்டுக்குள் வேலை செய்கிறது. அதில் நல்ல ஆப்-ஆம்ப் செய்வது கடினம். ஸ்விட்ச்சும் லாஜிக்கும் மலிவு. அதனால் டேட்ராக்கின் ஒற்றை ஆள் முறை புது வேகத்தோடு திரும்பி வந்து, பைப்லைன் ஆண்ட இடங்களில் பலவற்றைப் பிடித்துக்கொண்டது. இரண்டையும் கலந்து, ஒற்றை ஆள் அளப்பவர்களையே இரண்டு மூன்று பேராக வரிசையில் நிறுத்துவதும் நடக்கிறது. எப்படிக் கலந்தாலும் முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வைக்கிறார்கள். 1964-ல் சொன்ன இடம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அந்த வழக்கமான கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாள். “சார், எல்லா ஸ்டேஜுக்கும் அரை பிட் கொடுக்கறீங்க. கடைசி ஸ்டேஜுக்கு மட்டும் ஏன் இல்ல?”

கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லையே அம்மா, என்றேன். அவர் தப்பினால் திருத்த ஆள் கிடையாது. ஆனால் அவர் தப்பும் ஒரே ஓர் எண்ணுக்கு மேல் போகாது.

கும்பகோணத்துக் கடையில் படியும் உரியும் கிட்டத்தட்ட நிறைந்தாலே நிறைந்ததுதான். கழிவுக்காக ஊற்றும் ஆழாக்கை மட்டும் அப்பா ஒவ்வொரு முறையும் விரலால் தலை தட்டிவிட்டுத்தான் கவிழ்ப்பார்.